வரி ரசீதில் பெயர், மாமியாரின் பங்கு, கவுன்சிலர் வீட்டுக்காரர் கேட்கும் ரூ.20,000

தஞ்சை மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் வசிக்கும் 46 வயதுப் பெண்மணி எழுதியிருக்கிறார். ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவர் டூவீலர் பட்டறை நடத்தியவர். 2003-ல் தன் சம்பாத்தியத்தில் மனை வாங்கி, சில ஆண்டுகள் கழித்து வீடு கட்டினார். பத்திரம் அவர் ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. பதினான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். உயில் எழுதவில்லை. மகள் கல்லூரியில், 17 வயது மகன் பிளஸ் டூவில். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். மாமியார் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றில் மனைவி, மகள், மகன், மாமியார் என நால்வர் பெயர் இருக்கிறது.

வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு ஐந்து மாதங்களுக்கு முன் மனு கொடுத்தார். கூடவே வீட்டுக் குடிநீர் இணைப்புக்கும் விண்ணப்பித்தார். கொழுந்தனார், “பெயர் மாற்றக் கூடாது” என்று ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டார். அலுவலகத்தில், “கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்கம்மா” என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையில் வார்டு கவுன்சிலரின் கணவர், “இருபதாயிரம் குடுங்க, வரி பேரு, பட்டா, தண்ணி மூணையும் நானே முடிச்சுத் தர்றேன், ஆபீஸுக்கும் அதுலயே வந்துடும்” என்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன் ‘டீச்செலவு’ என்று ரூ.3,000 வாங்கியும் கொண்டார். மீதியைக் கேட்டு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். பெயரை மாற்றித் தராதவர்களுக்கு எதற்கு வரி என்று வாசகி இரண்டு அரையாண்டாக வரி கட்டவில்லை.

அவர் கேட்பவை: மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாமா, லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாமா? அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கலாமா? பெயர் மாறாவிட்டால் கொழுந்தனார் வீட்டைப் பறித்துவிடுவாரா? மகன் கையெழுத்துப் போட முடியுமா?

சகோதரி, கடைசிப் பயத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றக் குழப்பங்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைத்திருக்கின்றன.

வரி ரசீது வேறு, பத்திரம் வேறு

பேரூராட்சியின் வரிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது, அந்த வீட்டுக்கான கேட்புச் சீட்டை யாருக்கு அனுப்புவது என்பதற்கான ஏற்பாடு. அதைக் கொண்டு வீட்டின் உரிமை வருவதுமில்லை, போவதுமில்லை. வரிப் பதிவேடு, பட்டா போன்ற பதிவுகளில் பெயர் மாறுவதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆகவே ரசீதில் இன்னும் உங்கள் கணவர் பெயரே இருப்பதால் வீடு உங்கள் கையை விட்டுப் போய்விடாது. நாளைக்கே உங்கள் பெயர் ஏறினாலும், அதனால் மட்டும் வீடு முழுவதும் உங்களுடையதாகவும் ஆகிவிடாது. இந்த இரண்டாவது பாதியைக் கேட்க உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பட்டாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வருவாய்த் துறையின் வேலை. தாலுகா அலுவலகத்தில் நடப்பது. பேரூராட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரி, பட்டா, தண்ணீர் மூன்றையும் ஒரே தொகையில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், தன் கையில் இல்லாத ஒன்றையும் சேர்த்து விலை பேசுகிறார் என்றுதான் பொருள்.

மாமியாரின் கால் பங்கு

வாரிசுச் சான்றில் மாமியார் பெயர் “பேருக்குத்தான் போட்டிருக்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நீங்கள் இந்துக் குடும்பம் என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சம்பாத்தியச் சொத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோரும் அந்த முதல் வகுப்பில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் நால்வர்; ஆளுக்குக் கால் பங்கு. மாமியார் எங்கே, யார் வீட்டில் வசிக்கிறார் என்பதால் இந்தக் கணக்கு மாறாது.

(இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்காக: கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய்க்குப் பங்கு இல்லை, மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. இஸ்லாமியக் குடும்பத்தில் பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று. உங்கள் வீட்டுக் கணக்கைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.)

கொழுந்தனாருக்கு? இன்றைய தேதியில் ஒன்றுமில்லை. மனைவியும் பிள்ளைகளும் தாயும் இருக்கும்போது தம்பிக்கு அண்ணன் சொத்தில் இடமே கிடையாது. மனை கணவர் பெயரில் அவர் பணத்தில் வாங்கியது என்பதால், பூர்வீகச் சொத்து என்ற வாதத்துக்கும் அவருக்கு வழியில்லை. ஆனால் அவர் கண் இன்றைக்கு உள்ளதன்மேல் இல்லை. மாமியார் தன் கால் பங்குக்கு உயில் எழுதாமல் காலமானால், அது அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் கணவருக்குச் சேர வேண்டியது உங்கள் பிள்ளைகளுக்கு வரும். மாமியாருக்கு இரண்டே மகன்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக அந்தக் கால் பங்கில் பாதி, அதாவது வீட்டில் எட்டில் ஒரு பங்கு, கொழுந்தனாருக்குச் சேரும். மாமியார் அவர் பெயருக்கு உயிலோ தான செட்டில்மெண்டோ எழுதிவிட்டால் கால் பங்கு முழுவதுமே போகும். வரியை உங்கள் ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்றினால், மாமியாரை விட்டுவிட்டு வீட்டையே நீங்கள் எழுதிக்கொள்ளப் போகிறீர்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். அந்த நினைப்பு தவறாக இருக்கலாம். ஆனால் நீங்கள் கொடுத்த மனு அதற்கு இடம் கொடுத்துவிட்டது.

ஆகவே அவருடைய ஆட்சேபணையைப் பொறாமை என்று மட்டும் பார்க்காதீர்கள். அவருக்கு உரிமை இல்லை. அவர் பின்னால் நிற்கும் அம்மாவுக்கு இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வழி திறக்கிறது.

என் யோசனை இதுதான். “என் பெயருக்கு மாற்றித் தரவும்” என்ற பழைய மனுவைத் திருத்தி, வாரிசுச் சான்றில் உள்ள நால்வர் பெயரிலும் கூட்டாக வரிவிதிப்பை மாற்றக் கோரி மனுக் கொடுங்கள். மாமியார் பெயரும் அதில் இருக்கும்போது, அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. கொழுந்தனாரின் ஆட்சேபணைக்கு நிற்க இடமில்லை. சட்டப்படி உள்ளதைத்தான் கேட்கிறீர்கள் என்பதால் அலுவலகமும் கையெழுத்துப் போடத் தயங்காது. இந்த யோசனை பிடிக்காமல் போகலாம். “அந்த வீட்டுக்கு ஒரு செங்கல் எடுத்து வைக்காதவங்க” என்று மாமியாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் நியாயமானது, ஆனால் வாரிசுச் சட்டம் செங்கல்லைப் பார்ப்பதில்லை, பிறப்பையும் திருமணத்தையும்தான் பார்க்கிறது.

வீடு உங்களுக்கும் பிள்ளைகளுக்குமே முழுதாக வேண்டும் என்றால் அதற்கு ஒரே நேர்வழி, மாமியாரே மனமுவந்து தன் பங்கை விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுப்பது. குடும்பத்தாருக்கு இடையிலான விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் சலுகை உண்டு. முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2023 ஜூலையில் அவற்றை முறையே ரூ.40,000, ரூ.10,000 என்று உயர்த்தினார்கள். பேரன் பேத்திக்கு எழுதினால் ஒரு கணக்கு, மருமகளுக்கு எழுதினால் ஒரு கணக்கு என்று ஆகலாம். எழுதும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் வெறும் கைநாட்டு, நோட்டரி முன் சம்மதக் கடிதம் இவற்றை வைத்து அவருடைய பங்கு உங்களுக்கு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள்; பதிவு செய்தால்தான் செல்லும். அதோடு, அவரை ஒரு நாள் கூட்டிவந்து கையெழுத்து வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். வயதானவரிடம் விவரம் சொல்லாமல் வாங்கிய பத்திரத்தைப் பின்னால் ரத்து செய்யச் சொல்லி வழக்கு வந்தால், இன்றைய ஆட்சேபணையைவிடப் பெரிய தலைவலி.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. பதிவுத் துறையின் இணையதளத்தில் உங்கள் வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கணவர் இறந்த பிறகு ஏதாவது பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். பயப்படுவதாக இருந்தால் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயப்படலாம்.

அலுவலகம் ஏன் கோர்ட்டைக் கைகாட்டுகிறது

பேரூராட்சி அலுவலகங்களில் ஆள் குறைவு. ஒரே செயல் அலுவலர் இரண்டு ஊர்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பதும் உண்டு. குடும்பத் தகராறு என்று ஒரு தாள் கோப்பில் சேர்ந்துவிட்டால், கையெழுத்துப் போட்டவர் பெயர் நாளைக்கு வழக்கில் பிரதிவாதியாக வரும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. “கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்க” என்பது அந்தப் பயத்தின் வாய்மொழி. அதை உத்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்சேபணை வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மனுவைக் கிடப்பில் போட முடியாது. இரு தரப்பையும் விசாரித்து, மாற்றுகிறேன் அல்லது மறுக்கிறேன் என்று காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும்.

முடிவெடுப்பவர் யார் என்பதிலும் உங்களுக்குக் குழப்பம் இருக்கிறது. கவுன்சிலர் கையெழுத்து இல்லாமல் பெயர் மாறாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரவு செலவுத் திட்டம், சாலை, தெருவிளக்கு, டெண்டர் போன்றவை மன்றக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு வரும். அங்கே உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. ஒரு வீட்டின் வரிப் பெயரை மாற்றுவது செயல் அலுவலரின் அன்றாட நிர்வாக வேலை. உறுப்பினரின் சிபாரிசு அதில் தேவையே இல்லை. உறுப்பினரின் கணவருக்கோ அந்தக் கட்டடத்தில் உங்களுக்கு உள்ள உரிமைதான் இருக்கிறது: மனுவோடு போய் நிற்கும் உரிமை.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு என்று 2016-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. பல ஊர்களில் அறிவிப்புப் பலகையில் மனைவி பெயரும், நாற்காலியில் கணவருமாக அது நடக்கிறது. ஆனாலும் ஒருமுறை அந்தப் பெண் உறுப்பினரை நேரில், வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் பார்த்துப் பேசுங்கள் என்பேன். தன் பெயரைச் சொல்லி என்ன வசூல் நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தே நடந்தாலும், உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிவது நல்லது. சண்டை போடப் போகாதீர்கள். பணப் பேச்சையும் நீங்களாக எடுக்காதீர்கள். மனுவின் நகலைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அந்தப் பணம்

மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒழுக்கம் பேசவில்லை; அந்தப் பணம் உங்கள் வேலையை முடிக்காது என்பதால் சொல்கிறேன். ஆட்சேபணை கோப்பில் இருக்கும்வரை, பணம் வாங்கியவராலும் அதைக் கிழித்துப் போட முடியாது. மீறிப் பெயரை மாற்றினாலும் கொழுந்தனார் மேலே ஒரு மனுப் போட்டால் ரத்தாகும். அப்போது பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களிடம் ரசீது இருக்காது. பெயர் மாற்றத்துக்கென்று அலுவலகக் கட்டணம் தனியாக உண்டு; அதற்கு ரசீது கொடுப்பார்கள். ரசீது வராத எதையும் கட்டணம் என்று நம்பாதீர்கள்.

சட்டத்தில் 2018-க்குப் பிறகு வந்த மாற்றத்தைப் பலர் இன்னும் அறியவில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி இப்போது லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. ஏழு ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. ஆனால் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்திருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த ரூ.3,000-க்கு அந்த ஏழு நாள் எப்போதோ கடந்துவிட்டது. இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. ஆனால் “நான் பாதிக்கப்பட்டவள், என் மேல் என்ன வரும்” என்ற நினைப்போடு நீங்கள் புகார் கொடுக்கப் போகக் கூடாது. போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தொகையைப் பற்றி மறைக்காமல் சொல்லி, புகாரில் அதை எப்படி எழுதுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறைத்து எழுதினால் குறுக்கு விசாரணையில் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

இப்போது கேட்கப்படும் மீதித் தொகையின் கதை வேறு. முன்கூட்டியே விசாரணை அமைப்பிடம் தெரிவித்துவிட்டு, அவர்களுக்கு உதவியாகப் பணம் கொடுப்பவர் மேல் 8-ஆம் பிரிவு பாயாது என்று சட்டமே சொல்கிறது. “கவுன்சிலரின் கணவர் அரசு ஊழியரே இல்லையே, அவர் மேல் எப்படி வழக்கு வரும்” என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அரசு ஊழியரிடம் செல்வாக்கைப் பயன்படுத்திக் காரியம் முடித்துத் தருகிறேன் என்று பணம் வாங்கும் வெளியாள், அதே சட்டத்தின் 7ஏ பிரிவில் மாட்டுவார். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. நகராட்சி கவுன்சிலர் பொது ஊழியர் என்ற விளக்கத்துக்குள் வருவார் என்று ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, மனைவிக்கும் இதில் பங்கு இருந்தால் அவரும் தப்ப முடியாது.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். லஞ்ச ஒழிப்புத் துறையினர் எழுத்தில் புகார் வாங்கி வழக்குப் பதிவார்கள். நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பவுடர் தடவிய நோட்டுகளை உங்கள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாகும். செய்தித்தாளில் நாம் படிப்பது அதுவரைதான். அதன்பின் நீங்கள் வழக்கின் முக்கிய சாட்சி. விசாரணை ஆண்டுக்கணக்கில் போகலாம். அழைக்கும்போதெல்லாம் கோர்ட்டுக்குப் போக வேண்டும். எதிர்த்தரப்பு உங்கள் வார்டிலேயே, உங்கள் மகன் டியூஷன் போகும் வழியிலேயே குடியிருக்கும். இவ்வளவு நடந்தாலும் உங்கள் பெயர் மாற்ற மனு அங்கேயேதான் கிடக்கும். அதைத் தனியாகத்தான் நகர்த்த வேண்டும்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போகத் துணிந்தால் அது உங்கள் முழு உரிமை, அந்த ஊருக்கும் நல்லது. என் கருத்தைக் கேட்டால், முதலில் நால்வர் பெயரில் மனுவைக் கொடுத்து நேர்வழியில் நகர்த்திப் பாருங்கள். அதன் பிறகும் அலுவலகத்தில் உள்ளவரோ கவுன்சிலரின் கணவரோ பணம் கேட்டால், அன்றைக்கே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள், தாமதிக்காதீர்கள். எந்த வழி போனாலும் அந்தக் குரல் பதிவை அழிக்காதீர்கள். செல்போனை மாற்றவும் வேண்டாம். இன்னொருவருக்கு அனுப்பிய பிரதியைவிட, முதலில் வந்து சேர்ந்த கருவியில் உள்ள பதிவுதான் சாட்சியமாக உறுதியானது. இன்னொரு செய்தி வந்தால் “யோசிச்சுச் சொல்றேன்” என்று கூடப் பதில் போடாதீர்கள். பேரம் பேசியது போல் ஆகிவிடும்.

வரியும் தண்ணீரும்

வரியை நிறுத்தியது தவறான ஆயுதம். இந்த வாரமே பாக்கியைக் கட்டிவிடுங்கள். வரிவிதிப்பு எண் இருந்தால் போதும், ஆன்லைனிலேயே கட்டலாம். ரசீது கணவர் பெயரில் வந்தாலும் கட்டியது நீங்கள் என்பதற்கு உங்கள் வங்கிக் கணக்கு சாட்சி. 2023-ல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி பாக்கிக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி ஏறுகிறது. அதே விதிகளில், ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கிய முப்பது நாட்களுக்குள் கட்டுபவர்களுக்கு ஐந்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. நீங்கள் தள்ளுபடியை விட்டுவிட்டு வட்டியை வாங்கியிருக்கிறீர்கள்.

வட்டிகூடப் பெரிதில்லை. வரி பாக்கி என்ற ஒரே காரணத்தைக் காட்டி உங்கள் இரண்டு மனுக்களையும் நியாயமாகவே திருப்பி அனுப்ப அலுவலகத்துக்கு வழி செய்துவிட்டீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. வரிவிதிப்பு எண் தெரிந்த யார் வேண்டுமானாலும் அந்த வரியைக் கட்டலாம். கொழுந்தனார் உங்களுக்கு முன் கட்டி ரசீதுகளைச் சேர்த்துக்கொண்டால், அவருக்கு உரிமை வந்துவிடாது. ஆனாலும் நாளைக்கு ஒரு சிவில் வழக்கில் “நான்தான் பராமரித்தேன்” என்று ஒரு கட்டு ரசீதை நீட்டுவார். எதற்கு அந்த வாய்ப்பு?

குடிநீர் இணைப்பைப் பெயர் மாற்றத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அது சொத்துரிமை பற்றிய கேள்வியே அல்ல. அந்த வீட்டில் ஆள் குடியிருக்கிறார்களா என்ற கேள்வி. பாக்கி இல்லாத வரி ரசீது, ஆதார், கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்துத் தனி மனுவாகக் கொடுங்கள். “சட்டபூர்வ வாரிசு என்ற முறையிலும் குடியிருப்பவர் என்ற முறையிலும் கேட்கிறேன், இந்த இணைப்பால் யாருடைய உரிமைக்கும் பாதகமில்லை” என்று ஒரு வரி சேருங்கள். குடிநீர், வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பங்காளிச் சண்டை முடியட்டும் என்று குடத்தோடு நீங்கள் தெருக்குழாயில் நிற்க வேண்டியதில்லை.

கிராம சபை

உங்கள் ஊர் பேரூராட்சி; அங்கே கிராம சபை கிடையாது. அது கிராம ஊராட்சிகளுக்கு உரியது. மே 1, ஆகஸ்ட் 15 என்று நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த கூட்டங்கள் பக்கத்து ஊராட்சிகளில் நடந்தவை. நகர்ப்புறங்களுக்கு 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி வார்டு குழு, பகுதி சபை என்ற அமைப்புகள் உண்டு. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி என்று பொது விஷயங்களை அங்கே தாராளமாக எழுப்புங்கள். மாமியார் பங்கையும் கொழுந்தனார் மனுவையும் அங்கே எடுத்துப் பேசினால், தீர்வும் வராது, சமாதானத்துக்கு இருக்கும் வழியும் அடைபடும்.

எந்த வரிசையில் செய்வது

பாக்கியைக் கட்டிய ரசீதோடு இரண்டு புதிய மனுக்களையும் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம். தபால் நிலையம் போய் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். மாவட்டத்தில் பேரூராட்சிகளைக் கவனிக்கும் உதவி இயக்குநருக்கும் ஒரு நகல் போகட்டும். ஆட்சேபணை மனுவின் நகலை, பாதிக்கப்பட்ட தரப்பு என்ற முறையில் செயல் அலுவலரிடமே எழுதிக் கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்தும் சத்தமில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தாள். “ஏன் தாமதம்” என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். “இன்ன தேதியிட்ட என் மனுவின் இன்றைய நிலை, அது எந்தெந்தத் தேதியில் யார் யாரிடம் இருந்தது, கோப்புக் குறிப்புகளின் நகல்” என்று ஆவணமாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பல கோப்புகள் இந்தத் தாள் போன மறுவாரமே நகரும். பெயரோடு தேதியோடு பதில் எழுத யாருக்கும் பிடிப்பதில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கும் போகலாம். அங்கே கொடுக்கும் மனு பெரும்பாலும் சுற்றி அதே செயல் அலுவலரிடம்தான் வரும். ஆனால் மேலிருந்து எண் போட்டு வருவதால் பதில் எழுதியாக வேண்டும்.

உயர் நீதிமன்றம் கடைசிப் படி. உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. “மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு” என்று உத்தரவு வாங்கலாம். அது முடிவெடுக்கச் சொல்லும் உத்தரவு மட்டுமே. உங்களுக்குச் சாதகமாக எடு என்று சொல்லாது. நால்வர் பெயரில் சரியான மனு கோப்பில் இருந்தால்தான் அந்த உத்தரவுக்கும் பலன். வக்கீல் கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அங்கேயே மாமியாரையும் கொழுந்தனாரையும் அழைத்து உட்கார வைத்துப் பேச சமரச ஏற்பாடும் இருக்கிறது. கோர்ட்டுக்கு வெளியே யார் மத்தியஸ்தம் செய்தாலும் அதில் கவுன்சிலர் வீட்டுக்காரர் இருக்க வேண்டாம்.

மகன் கையெழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். 18 முடியும்வரை அவன் சார்பில் இயற்கைக் காப்பாளர் என்ற முறையில் நீங்களே மனுவில் கையெழுத்திடலாம். அவன் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ மட்டும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் முடியாது. மகள் மேஜர் என்பதால் அவள் கையெழுத்து தனியாக வேண்டும். கல்லூரி விடுதியிலிருந்து வரும் வார இறுதியில் வாங்கி வைத்துவிடுங்கள்.